எலுமிச்சையின் மேற்குப் பக்கம்

என் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கும் வடிகட்டிக்கும் நடுவே, ஒரு குடைக்கம்பி கிடக்கிறது. ஒரு முனையில் குடைத்துணியைக் கோத்துத் தைக்கிற சின்னத் துளை. மறுமுனை ஒடிந்த இடத்தைக் கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியிருக்கிறது. துரு ஏறி, எண்ணெய் தடவி, மறுபடி துரு ஏறி, இன்ன நிறம் என்று சொல்ல முடியாத கம்பி. வீட்டு வேலைக்கு வருகிற பெண் அதைக் குப்பை என்று நினைத்து வெளியே போட்டுவிட்டாள். நான் முனிசிபாலிட்டி வண்டிக்குப் பின்னால் ஓடி எடுத்து வந்தேன். "கம்பிக்கா இந்தப் பாடு?" என்று அவள் கேட்டதற்குச் சிரித்து வைத்தேன். சொல்லத் தொடங்கினால் ஒரு கொல்லையைச் சொல்ல வேண்டும், ஒரு மரத்தைச் சொல்ல வேண்டும், கடைசியில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

கம்பி என் அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவள். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் வாளியை எடுக்க மாட்டாள், இந்தக் கம்பியைத்தான் எடுப்பாள். வேருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சாண் ஆழம் இறக்கி, அப்படியே உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. கம்பி சுத்தமாக வந்தால் உண்டு. மேல்மண் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது வெயிலின் வேலை. வேர் இருக்கிற இடத்தில் ஈரம் நிற்கும். வீட்டுச் செடிகளில் பாதி, தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தினமும் ஊற்றி ஊற்றியே சாகின்றன. தொட்டியில் இருக்கும் செடி வாடி நின்றால் எல்லாரும் செம்பைத்தான் தூக்குகிறோம். அழுகின வேரும் வாடத்தான் செய்யும். "தாகத்துலயும் தலை தொங்கும், மூச்சு முட்டுனாலும் தலை தொங்கும். எதுன்னு பாத்துட்டு ஊத்துங்களேன்" என்பாள். சில சமயம், உருவிய கம்பியின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவாள். எங்கள் ஊர் மண்ணுக்கு அந்தச் சோதனையும் வேண்டியிருந்தது.

அத்தை டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தாள். எழுபதுகளில் எங்கள் தெருவில் சம்பளம் வாங்குகிற பெண் அவள் ஒருத்திதான். அதனால் 'டெலிபோன் அக்கா'. மாமா தோணியில் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர். தோணி திரும்பியது, அவர் திரும்பவில்லை. கடல் கொண்டுபோயிருந்தால் அத்தைக்கு ஒரு பூசையும் கறுப்புச் சேலையுமாவது கிடைத்திருக்கும். அவர் அங்கே உயிரோடு, வேறொரு குடும்பத்தோடு, ஒரு கடையும் வைத்துக்கொண்டு நன்றாக இருந்தார். ஊரில் யாருக்காவது கொழும்புக்கு டிரங்கால் வேண்டுமென்றால் அத்தைதான் வயரைச் செருகி இணைத்துக் கொடுப்பாள். அடுத்தவர்களின் குரல்கள் கடலைத் தாண்டிப் போவதைக் காதில் மாட்டிய கருவியோடு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். தனக்காக ஒரு தடவைகூட அந்த வயரைச் செருகவில்லை என்று அம்மா சொல்லுவாள். சொல்லும்போது அம்மாவின் குரலில் இருந்தது பெருமையா இரக்கமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

புருஷன் வராத மகளுக்குத் தாத்தா வீட்டின் பின்னறையையும் கொல்லையையும் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை. வந்த அன்றைக்கே அவள் கொல்லையில் ஒரு எலுமிச்சங்கன்று வைத்தாள். கடற்கரை மணலில் எலுமிச்சையா என்று தெரு சிரித்தது. அவள் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, மணலை வாரி வெளியே கொட்டிவிட்டு, மேற்கே ஆற்றுப்பக்கத்து ஊரிலிருந்து மாட்டுவண்டியில் செம்மண் இறக்கினாள். தாத்தா படுக்கையில் விழுந்தபோது, கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்த பங்குச் சாமியார் முன்னால், அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த மரம் நிக்கிற வரைக்கும் கொல்லை அவளுக்கு. பெறவு ஒன் இஷ்டம்." சாகப்போகிற மனிதருக்கு எலுமிச்சையின் ஆயுள் மகளின் ஆயுளை விட நீளம் என்று தோன்றியிருக்க வேண்டும். சாமியார் தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். எங்கள் தெருவில் சாமியார் முன்னால் ஆட்டிய தலைக்குப் பத்திரத்தை விட மதிப்பு அதிகம். அதை மீறுகிறவன் கோயிலில் எந்த வரிசையில் நின்றாலும் பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்கும்.

மரம் நின்றது. நின்றது மட்டுமில்லை, காய்த்தது. அதற்குப் பிறகு தெருவுக்கு அத்தை செடி டாக்டர் ஆனாள். சாயந்தரமானால் பெண்கள் ஒரு இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள், சீக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிற முகத்தோடு. அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் கருகிப்போன ரோசாக் கிளையோடு வந்தாள்.

"அக்கா, மொட்டு விடுது, விரியுமுன்ன கருகிப் போவுது. ஒங்க பேச்சக் கேட்டுத்தான் செஞ்சேன்."

"என்னளா செஞ்ச?"

"மீன் கழுவுன தண்ணிய ஊத்தச் சொன்னியள்லா? தெனமும் ஊத்துதேன்."

அத்தை கிளையை முகர்ந்தாள். "என்ன மீன்?"

"இப்ப என்ன மீனு, வலைக்கே போகலியே. நெத்திலிக் கருவாடுதான்."

"ஏளா, மீனுன்னு சொன்னேன், கருவாடுன்னு சொன்னேனா? உப்புல பொரட்டி எடுத்தத ஊறவச்சு ரோசாவுக்குக் குடிக்கக் குடுத்திருக்க. ஒனக்கு யாராவது குடுத்தா சும்மா இருப்பியா?"

"எம் மாமியா குடுப்பா" என்றாள் அவள். கொல்லையே சிரித்தது.

இந்தத் தப்பை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கே செய்வார்கள்? உப்பை அள்ளி ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஊர். கிணற்றில் உவர், காற்றில் உவர், சுவரில் உவர். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் வரும், வராமலும் இருக்கும். சிப்பி ஓடும் சங்குத் துண்டும் காலில் இடறுகிற ஊர் என்பதால் தொட்டியின் அடியில் அதை இடித்துப் போடுகிற பழக்கமும் இருந்தது. தண்ணீர் வடியும், பார்க்கவும் அழகு. ஆனால் ஓடு கரையக் கரைய மண்ணில் சுண்ணாம்பு ஏறும். அத்தை இலையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கீழே இருக்கிற பழைய இலை மொத்தமாக மஞ்சளானால் பசி, மக்கின சாணம் போடு. மேலே கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு, ஓட்டைப் பொறுக்கிவிட்டு மண்ணை மாற்று. ஓரமும் நுனியும் தீய்ந்தாற்போல் கருகினால் உப்பு. வெள்ளைப் பூச்சி அப்பியிருந்தால் பூச்சியைத் திட்டாதே, முதலில் எறும்பை விரட்டு. அதுதான் பூச்சியைத் தோளில் தூக்கி வந்து குடிவைக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தண்டை வழித்துவிடு. எலுமிச்சை இலையில் காக்காய் எச்சம் போல ஒட்டியிருப்பது எச்சம் இல்லை, புழு, கையால் எடு. பூ எல்லாம் கொட்டிப்போனால், காயப்போட்டுக் காயப்போட்டுத் திடீரென்று குளிப்பாட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். இவ்வளவும் இன்றைக்கு எனக்கு மனப்பாடம். யாரும் சொல்லித் தந்ததில்லை, கொல்லையின் பேச்சு அது, சன்னலோரத்தில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் சைக்கிளில் போவார், கண் சிவந்து வருவார். வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கண். கெட்ட மனிதர் இல்லை என்று சொல்லித்தான் நான் இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்தேன். குடிக்க மாட்டார். அம்மாவை அடித்ததில்லை. திருவிழாவுக்கு எங்களுக்கு முன்னால் அத்தைக்குத்தான் சேலை எடுப்பார். ஆனால் புதுத்துறைமுகம் வந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். தங்க அறை கேட்டுத் தெருத்தெருவாக நடந்தார்கள். காலிக் கொல்லை வைத்திருந்தவர்கள் எல்லாம் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொல்லையைப் பார்க்கிற விதம் மாறியது. அதுவரை கொல்லையாக இருந்தது அவர் கண்ணில் இடமாக ஆனது.

"அக்கா, அந்தப் பக்கமா மூணு ரூம் எடுத்தா என்ன?" என்று கேட்டார் ஒருநாள்.

"எடேன். மரத்த என்ன செய்வ?"

"மரந்தான..."

"மரந்தான் லே. அது நிக்கட்டும். அது போன பெறவு நானும் போயிருதேன், நீ ஏழு மாடி கட்டு."

அப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தாள். வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கத்தியிருக்கலாம், பாத்திரம் உருண்டிருக்கலாம், தெரு வந்து விலக்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் எல்லாம் மரியாதையாக நடந்தது.

அந்த வருஷம் மழை தப்பவில்லை. ஆனாலும் எலுமிச்சையில் இலை கருகத் தொடங்கியது. ஓரத்திலிருந்து உள்ளே, சிகரெட் நெருப்பு காகிதத்தைத் தின்கிற மாதிரி. சாயந்தரம் பெண்கள் கூடி நின்றார்கள். டாக்டர் வீட்டிலேயே சீக்கு என்றால் யாருக்குத்தான் வேடிக்கையாக இருக்காது.

"கடக்காத்துதான் அக்கா, வேற என்ன" என்றாள் அடுத்த வீட்டுக் கருவாட்டுக்காரி.

அத்தை மரத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு கிளையைத் தாழ்த்திப் பார்த்தாள், விட்டாள். "கடலு எந்தப் பக்கம்ளா இருக்கு?"

"கெழக்கால."

"கெழக்குப் பக்கத்து எலையப் பாரு."

கிழக்குப் பக்கம் பச்சையாக, பளபளவென்று, தேய்த்து வைத்ததுபோல் இருந்தது. கருகினது எல்லாம் மேற்கு. அந்தப் பக்கம் கடல் இல்லை. ஒரு சுவர் இருந்தது. சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சந்து. சந்தில் அப்பாவின் சைக்கிள். அத்தை இடுப்பில் செருகியிருந்த குடைக்கம்பியை எடுத்து முதலில் கிழக்கே இறக்கினாள். நுனியை நாக்கில் வைத்தாள், துப்பினாள். பிறகு மேற்கே இறக்கினாள். நாக்கில் வைத்தாள். இந்தத் தடவை துப்பவில்லை. "என்ன அக்கா, உப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "உப்புன்னா கரிக்கும்" என்றாள் அத்தை. கம்பியைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு யாருடைய இலையையும் அவள் பார்க்கவில்லை.

உப்பளம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியில் உப்பை வாரி எடுத்தபிறகு கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். இனி உப்பாகாத தண்ணீர். தொட்டால் எண்ணெய் போல வழுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்காது, கசக்கும். தொண்டை வரை இறங்கிக் கசக்கும். அது விழுந்த இடத்தில் புல்கூட முளைக்காது என்பதால் அளத்துக்காரர்கள் அதை வரப்புக்கு வெளியே தள்ளி விடுவார்கள். அப்பாவின் சைக்கிள் கேரியரில் கொஞ்ச நாளாக ஒரு தகர டின் கட்டியிருந்தது. மண்ணெண்ணெய் வாங்க என்று நினைத்திருந்தேன். மறுநாள் சந்துக்குப் போனேன். டின்னின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு, அத்தை செய்தாற்போல நாக்கில் வைத்தேன். திரும்பினால் அம்மா நிற்கிறாள். "வாயக் கொப்புளிச்சிட்டு வா" என்றாள். அவளுக்கும் அந்தச் சுவை தெரிந்திருந்தது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அது ரகசியமாக ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவரும் சொல்லாமல் வைத்திருந்தோம்.

அத்தை வைத்தியம் பார்த்தாள். மேற்குப் பக்கத்து மேல்மண்ணைச் சுரண்டிக் கூடை கூடையாகக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் கொட்டினாள். புது மண் போட்டு, பாத்தி கட்டி, நல்ல தண்ணீராக ஊற்றினாள். உப்பேறிய மண்ணுக்கு மருந்து அது ஒன்றுதான்: நல்ல தண்ணீர், நிறையத் தண்ணீர், அடிவரை இறங்கிக் கரைத்துக்கொண்டு கீழே போகிற அளவுக்கு. கொஞ்சமாக ஊற்றினால் உப்பு வேரிலேயே தங்கிவிடும். ஆனால் நல்ல தண்ணீர் எங்கே? எக்சேஞ்சில் ஷிப்டு முடிந்து வந்து, சேலை மாற்றாமல், தெருக்குழாயில் குடத்தோடு நிற்பாள். கால் கடுக்க நின்று தூக்கிவந்த தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறாளே என்று வரிசையில் ஏச்சு. அம்மா அரிசி களைந்த தண்ணீரைப் பின்கதவு வழியே தள்ளி வைப்பாள். சந்துப் பக்கம் அவள் புருஷன் ஊற்றியதைப் பின்கதவுப் பக்கம் அவள் கழுவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மரம் பிழைத்தது. மேற்குக் கிளையில் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. நானே தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை தன் அறையிலிருந்து ஒரு பரணி ஊறுகாயைக் கொண்டுவந்து, அப்பாவின் தட்டில் ஒரு துண்டு வைத்தாள்.

"சாப்பிடு லே தம்பி. பயப்படாம சாப்பிடு. இது கெழக்குப் பக்கத்துக் காய்."

அப்பாவின் கை சோற்றில் நின்றது. அம்மா தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். வெளியே யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வயரைச் செருகிவிட்டு மறுமுனையில் யாராவது எடுக்கிறார்களா என்று காத்திருக்கிற பார்வை. அவள் கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் அந்த ஒரு துண்டில் கொடுத்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டின் மறுநாள் மண்ணெண்ணெய்க்குப் போயிருக்கும், நாங்கள் எல்லாரும் மறந்திருப்போம்.

அப்பா ஊறுகாயை வாயில் போட்டார். மென்றார். "நல்லாருக்குக்கா" என்றார்.

அவர் பதில் அதில்லை. பதில் சில நாள் கழித்து மண்ணில் வந்தது. இந்தத் தடவை மேற்கு, கிழக்கு என்று பாகுபாடு இல்லை. சுற்றிலும். துளிர்தான் முதலில் போனது. இலைகள் கருகிக்கூட உதிரவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன, காற்றடித்தால் காகிதம் போல ஓசை. அத்தை கம்பியை இறக்கிப் பார்க்கவில்லை. குடத்தை எடுக்கவில்லை. அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "மைனி, தண்ணி புடிச்சாரட்டா?" என்று கேட்டாள். "ஊத்திக் கழுவலாம்ளா, மண்ணு நல்ல மண்ணு. மறுபடி ஊத்துறவன் இருக்கையில எத்தனை கொடத்துக்கு நீ வரிசையில நிப்ப?" என்றாள் அத்தை. அந்த வீட்டில் அந்தக் காரியம் பற்றி வாய்விட்டுச் சொல்லப்பட்ட ஒரே வார்த்தை அது. அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார், கேட்டிருக்கும்.

அத்தை திருநெல்வேலி எக்சேஞ்சுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா படம். தொட்டிச் செடிகளைத் தெருவுக்குக் கொடுத்தாள், கருவாட்டுக்காரிக்கு ரோசா. "கருவாட நீ தின்னு, ரோசாவுக்குக் குடுக்காத" என்றதற்கு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று அத்தை காதில் பலர் ஓதினார்கள். "என்னன்னு சொல்ல? மரம் செத்துப்போச்சுன்னா? மரம்னா சாகத்தான செய்யும்பாரு" என்றாள். அப்பா ஜட்கா பேசி, பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். பத்திரமா போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லு என்றார். அவள் தகவல் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை, அம்மா சாவுக்கு மட்டும் வந்து, கல்லறையிலிருந்தே திரும்பிப் போனாள். அவளை அடக்கம் செய்ததும் திருநெல்வேலியில்தான், எங்களுக்கு ஆள் வந்து சொன்னபோது மூன்றாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. அவள் கிளம்பிய அன்று கம்பி மட்டும் செத்த மரத்தடியில் குத்தியபடி நின்றது. மறந்தாளா விட்டாளா தெரியாது. நான் உருவி எடுத்துக்கொண்டேன்.

அப்பா மூன்று அறை கட்டினார். முதல் மழைக்கே மேற்கு அறையின் சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறியது. பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்து, தவிடுபோல் உதிர்ந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். மறுபடி உதிர்ந்தது. மண்ணுக்குள் போனது மண்ணோடு நிற்கவில்லை. செங்கல்லைப் பிடித்து ஏறி வந்தது. குடிவந்தவர்கள் பாயை நனைக்கிற சுவரைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் காலிசெய்தார்கள். எத்தனை கொத்தனார்கள், எத்தனை யோசனைகள். என் அப்பாவின் மீதி வாழ்க்கை அந்தச் சுவரைச் சுரண்டுவதில் போனது. இரங்க வேண்டும் என்று முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

இப்போது அந்த அறைகளின் மாடியில்தான் என் தொட்டிகள் இருக்கின்றன. என் புருஷன் போனபிறகு இந்த வீட்டுக்கே வந்துவிட்டேன், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் செல்போனில் இலையைப் படம் பிடித்து அனுப்பி என்ன சீக்கு என்று கேட்கிறார்கள். கீழ் இலையா கொழுந்தா ஓரமா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். போன வருஷம் ஒரு எலுமிச்சையும் வைத்தேன். போர்வெல் தண்ணீர்தான், இந்த ஊரில் அதுவும் உவர்தான். ஓரம் கருகத்தான் செய்கிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது அடித்துளை வழியே வழிந்தோடும் வரை ஊற்றிக் கழுவுகிறேன், அடித்தட்டில் தேங்கினதை உடனே கொட்டிவிடுகிறேன். பிழைத்துக்கொள்ளும். எப்படிப்பட்ட மண்ணிலும் பிழைக்கலாம், மேலே ஊற்றுகிற கை ஒரே கையாக இருந்தால்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்து தொட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்காருவார். போன வாரம் எலுமிச்சையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏளா, இதுக்கு என்ன சீக்கு? ஓரமெல்லாம் தீயுதே."

சொல்லியிருக்கலாம். போர்த் தண்ணீர் அப்பா, அவ்வளவுதான் என்று. எனக்கு என்ன தோன்றியதோ, கீழே போய் இழுப்பறையிலிருந்து கம்பியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். "தெரியலப்பா. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் கம்பியைப் பார்த்தார். என்ன கம்பி என்று கேட்கவில்லை. குனிந்து, வேருக்குச் சற்றுத் தள்ளி, சரியாக ஒரு சாண் இறக்கினார். உருவினார். நுனியில் மண் ஒட்டியிருந்தது. அதை முகத்துக்கு நேரே கொண்டுபோனார், உதடு பிரிந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு உதட்டை மூடிக்கொண்டு, கம்பியை வேட்டியின் ஓரத்தில் வைத்துத் துடைத்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நுனி, மறுபடி நுனி. என்னிடம் நீட்டினார்.

"ஈரமாத்தான் இருக்கு" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனபிறகு நான் அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார். இரும்பு மட்டும்தான் தெரிந்தது.